புதுப்பிப்பு: பாரிஸ் முதல் வியன்னா வரை நான்கு நாள் யூரெயில் பாஸ் போதுமானதாக இருந்தது

பாரிஸ், சூரிச், மிலான், வெனிஸ், வியன்னா ஆகிய நகரங்களுக்கிடையே செல்ல, பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் குறிப்பிட்ட நாள்கள் பயணிக்க உதவும் யூரெயில் பாஸ் வாங்குவதா, தனித்தனிச் சீட்டுகளா என்று மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பதிலளித்தவர்களில் ஒருவரான டர்பன் அண்ணன் சொன்னபடி, ஒரு மாதத்திற்குள் நான்கு பயண நாள்களுக்கான பாஸையே வாங்கினோம். பதினோரு வயது மகளுக்குப் பாஸ் இலவசம். ஆயினும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் அவளுக்கும் உண்டு என்பதை முன்பே அறிந்திருக்கவில்லை.

பாரிஸ்–சூரிச் அதிவேக ரயிலில் பாஸ் வைத்திருப்போருக்கு ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. நாங்கள் தாமதித்ததால் விரும்பிய ரயில் கிடைக்காமல், விடியற்காலை ரயிலில்தான் செல்ல நேர்ந்தது. ஆகவே விமானச்சீட்டு உறுதியானவுடனேயே இதை முன்பதிவு செய்துவிடுங்கள். சூரிச்–மிலான் ரயிலுக்கும் முன்பதிவு கட்டாயமே. 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் அடிவார ரயில் சுரங்கத்தை அதில்தான் கடந்தோம். மிலானிலிருந்து வெனிஸுக்கு, வெரோனாவில் மாறிச் செல்லும் வட்டார ரயில்களில் முன்பதிவே தேவைப்படவில்லை.

வெனிஸ்–வியன்னா இரவு ரயிலுக்கு பாஸில் இரண்டு பயண நாள்கள் கழியுமென்று அஞ்சியிருந்தேன். நள்ளிரவுக்கு முன் ஏறி, காலையில் இறங்கிய பின் வேறு ரயில் ஏறாததால், புறப்பட்ட நாள் மட்டுமே கணக்கில் சேர்ந்தது; படுக்கைக் கட்டணம் தனி.