இல்லாத கட்டுரையைத் தேடிய ஒரு நாள்: நூலகமும் செயற்கை நுண்ணறிவும், சில அனுபவங்கள்

கல்லூரி நூலகர், திருச்சி:

18 ஆண்டுகளாக ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றுகிறேன். கடந்த ஆண்டு முனைவர் பட்ட மாணவி ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாறு குறித்த 14 கட்டுரைகளின் பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். ஆசிரியர் பெயர், இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் என எல்லாம் ஒழுங்காக இருந்தன. கோஹா என்ற நூலக மென்பொருளில் உள்ள எங்கள் நூல் அட்டவணையில் எதுவும் அகப்படவில்லை. சென்னையில் பணியாற்றும் தோழி ஒருவரிடம் ஓர் இதழின் பழைய கட்டுத் தொகுதியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். குறிப்பிட்ட பக்கத்தில் முற்றிலும் வேறொரு கட்டுரை இருந்தது. மாலைக்குள் 14இல் 5 மட்டுமே உண்மையில் வெளிவந்தவை என்று தெரிந்தது. அப்போதுதான் அந்த மாணவி தயங்கியபடி, "ஏஐ கொடுத்த பட்டியல், மேடம்" என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. தேடல் வசதி இணையாதபோது அந்த மென்பொருள் எந்த அட்டவணையையும் புரட்டி விடை சொல்வதில்லை என்பதையும், ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணிப்பைக் கொண்டே வாக்கியத்தைக் கட்டுவதால், வாழும் ஆய்வாளர் பெயரையும் வெளிவரும் இதழின் பெயரையும் இணைத்து எவரும் எழுதாத கட்டுரையை அது உருவாக்கிவிடக்கூடும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அன்று எங்கள் இருவருடைய நேரமும் ஒரு நாள் முழுக்க வீணாயிற்று. தேடலுக்கேற்ற கலைச்சொற்களை யோசிக்க நானும் அதே கருவியைப் பயன்படுத்துகிறேன். ஆனால் புதிய மாணவர்களுக்கான அறிமுக வகுப்பில், மேற்கோள் பட்டியலை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கே இப்போது ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

மின்னாக்கத் தன்னார்வலர், மதுரை:

அம்மா, நீங்கள் சொன்னது மென்பொருள் இல்லாததை எழுதியது பற்றி. நான் பார்ப்பது, இருப்பதை அது தவறாகப் படிப்பது. பழைய நூல்களை வருடி (ஸ்கேன் செய்து), படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் வழியாகத் தேடக்கூடிய உரையாக மாற்றும் பணியில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில், லை, ளை, னை போன்றவை துதிக்கை வளைந்ததுபோலவும், ணா, றா, னா ஆகியவை கால் இல்லாமல் சுழித்தும் இருக்கும். இன்றைய எழுத்தைக் கொண்டே பயின்ற மென்பொருள் இங்கே தடுமாறுகிறது. பல நூல்களில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் அச்சில் வேறுபாடே தெரியாது. சொல்லின் பொருளை அறிந்தவரால்தான் பிரித்துப் படிக்க முடியும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவை தமிழ் எண்கள். ௧ என்பது ககரம்போலவும், ௫ என்பது 'ரு' போலவும் இருப்பதால், பக்கத் தலைப்பிலுள்ள 15 என்ற எண் 'கரு' என்ற சொல்லாகப் பதிவாகிவிடும். எங்கள் தொகுப்பில் 'கரு' என்று தேடியபோது, அந்தச் சொல்லே இல்லாத நூல்களும் வரிசையாக வந்து நின்றன. காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் செய்வதுபோல, பக்கத்தின் படத்தை ஒருபுறமும் உரையை மறுபுறமும் வைத்து மெய்ப்புப் பார்ப்பதைத் தவிர வேறு வழியை நான் இன்னும் காணவில்லை. ஆனாலும், முழுப் பக்கத்தையும் கையால் தட்டச்சு செய்த நாட்களோடு ஒப்பிட்டால் வேலை பெரிதும் குறைந்திருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

பார்வை மாற்றுத்திறனாளி வாசகர், சென்னை:

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பிரிவுக்கு அடிக்கடி செல்பவன் நான். கல்லூரி நாட்களில் நண்பர்கள் வாசித்து ஒலிநாடாவில் பதிந்து தந்த பாடங்களைக் கேட்டே தேர்வு எழுதினேன். வெறும் படமாக வருடப்பட்ட நூல், திரையிலுள்ள உரையை வாசித்துச் சொல்லும் என் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு வெற்றுத்தாள். எழுத்துணரி வழியாக உரையாக மாறிய பிறகுதான் அது பேசுகிறது. யாரையும் எதிர்பார்க்காமல் இரவு இரண்டு மணிக்கு ஒரு பழைய இலக்கண உரையை நானே திறந்து கேட்ட அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

ஐயா, ஐயம் வந்தால் நீங்கள் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். எனக்குக் காதில் விழுவதுதான் நூல். ஒரு வாக்கியத்தின் நடுவே 'கரு' என்று கேட்டு, அதை உரையாசிரியரின் சொல் என்றே நம்பி, பொருள் தேடி அகராதிகளில் அரைமணி நேரம் அலைந்திருக்கிறேன். நீங்கள் எழுதியதைக் கேட்ட பிறகே அது பக்க எண்ணாக இருந்திருக்கும் என்று புரிகிறது. எந்த நூலின் உரை மெய்ப்புப் பார்க்கப்பட்டது, எது மென்பொருள் தந்தபடியே இருக்கிறது என்ற ஒரு குறிப்பை நூலகங்கள் அட்டவணைப் பதிவிலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.