தாய்மார்கள் தாமே எடுக்கும் காணொளிகள்: விடுதலையா, இன்னொரு விளம்பரமா?

கயல்விழி:
விளம்பரங்களில் வரும் தாய் இன்றும் கறை படிந்த சட்டையைக் கண்டு புன்னகைப்பவளாகவே இருக்கிறாள். 1930களில் அமெரிக்க வானொலித் தொடர்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்த காலத்திலேயே, வீட்டிலிருக்கும் பெண்ணைப் பொருள் வாங்குபவளாக மட்டும் பார்க்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பிரிட்டனில் ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்று முத்திரை குத்தும் தீங்கான பாலின வார்ப்புகளுக்கு எதிரான விளம்பர விதி 2019 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது; ஆண்கள் சாகசம் புரிய, பெண்ணொருத்தி குழந்தை வண்டியருகே அமர்ந்திருப்பதாகக் காட்டிய கார் விளம்பரம் அதன்கீழ் முதலில் தடைசெய்யப்பட்டவற்றுள் ஒன்று. இத்தகைய சூழலில், தாய்மார்கள் தாமே கேமராவைக் கையிலெடுத்து, தூக்கமின்மையையும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வையும் மறைக்காமல் பேசுவதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

மாறன்:
மனச்சோர்வைப் பற்றிப் பேசட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே காணொளியில் அடம்பிடித்து அழும் குழந்தையின் சம்மதத்தை யார் பெற்றார்கள்? 16 வயதுக்குட்பட்டோரின் படங்களை இணையத்தில் வணிகமாக்குவதை பிரான்ஸ் 2020இல் சட்டத்தால் நெறிப்படுத்தியது. குடும்பக் காணொளிகளில் அடிக்கடி இடம்பெறும் சிறாருக்கு வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையின் பங்களிப்பால் பணம் வருகிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டபின், இதைத் தாயின் சுதந்திரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கயல்விழி:
நீங்கள் குறிப்பிடும் சட்டங்கள் தந்தையையும் சேர்த்தே கட்டுப்படுத்துகின்றன, ஆயினும் கண்டனம் முழுவதும் தாயின் தலையிலேயே விழுகிறது. குழந்தையோடு விளையாடும் தந்தையின் காணொளிக்குப் பாராட்டு குவிகிறது. அதையே தாய் வெளியிட்டால் அவளுக்கு வேறு வேலையில்லையா என்று கேட்கிறார்கள். மேலும், பெரும்பாலான தாய்மார்கள் இதில் ஒரு காசும் ஈட்டுவதில்லை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது, விழித்திருக்கும் இன்னொரு தாயின் பதிலைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

தேன்மொழி:
எவ்வளவு உண்மையாகப் பேசினாலும், எந்தக் காணொளியை முன்னே கொண்டுவருவது என்பதைச் சமூக ஊடகத் தளத்தின் கணினி நிரல்தான் முடிவு செய்கிறது. ஒழுங்கான வீடும் சிரித்த முகமும் கொண்ட காணொளிகளையே அடுத்தடுத்துப் பார்க்கும் தாய், தன்னைத் தானே குறைத்து மதிப்பிடத் தொடங்குகிறாள். விளம்பரத்தையாவது விளம்பரம் என்று ஒதுக்கிவிடலாம், தன்னைப் போன்ற ஒருத்தியின் காணொளியை அப்படி ஒதுக்க மனம் வராது.

மாறன்:
தந்தையர் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பதை ஏற்கிறேன். அவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்போம். தன் களைப்பையும் அச்சத்தையும் சொல்லத் தாய்க்கு முழு உரிமை உண்டு. பிள்ளையின் பெயரையும் முகத்தையும் நோயையும் ஊரறியச் சொல்ல, பெற்றோர் இருவரில் எவருக்கும் அந்த உரிமை இல்லை.