மங்கலான சிசிடிவி பதிவில் பைக் நம்பர்: ஏஐ ஆப் காட்டுறதை நம்பலாமா?

பைபாஸ் கடைக்காரன்:
நெல்லை தெற்கு பைபாஸ்ல கடை. ராத்திரி ஒரு பைக் ஆளை இடிச்சுட்டு நிக்காம சாய்வா கடந்து போனது எங்க கேமராவுல இருக்கு. டி.என். 72 வரை தெரியுது, மிச்சம் மங்கல். செல்லுல ஒரு ஏஐ ஆப்ல போட்டா எண் பளிச்சுன்னு வருது. இன்னொரு ஆப்ல வேற எண் வருது. எதை ஸ்டேஷன்ல கொடுக்க?

படச்சில்லு:
ரெண்டையும் கொடுக்காதீங்க அண்ணாச்சி. ஆப் உங்க எண்ணை மீட்டுத் தரல. பயிற்சியில பார்த்த படங்களை வச்சு, இந்த மங்கலுக்குப் பொருந்துற மாதிரி ஒண்ணை வரையுது. 2020-ல பல்ஸ்னு ஒரு ஏஐ மாடல் ஒபாமாவோட மங்கல் படத்தை வெள்ளைக்காரர் முகமா 'தெளிவாக்கினது' இப்படித்தான். 2024-ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநில நீதிபதி ஒருத்தர், ஏஐ மெருகேத்தின வீடியோவை ஒரு கொலை வழக்குல ஏத்துக்கல.

கணக்கைப் பாருங்க. 1920 பிக்சல் கேமராவுல 10 மீட்டர் அகலம் தெரிஞ்சா, மீட்டருக்கு 192 பிக்சல். பின் பிளேட்டுல எண் உயரம் 40 மி.மீ., அதுக்கு 7, 8 பிக்சல்தான். கேமராவோட செல் ஆப் காட்டுற சப்ஸ்ட்ரீம் (அளவு குறைச்ச பதிவு) 352 பிக்சல்னா ஒன்றரை பிக்சல்கூட தேறாது. அங்க 3-ஆ 8-ஆன்னு பார்க்க ஒண்ணுமே கிடையாது. இருட்டுல ஷட்டர் 1/25 விநாடி திறந்திருந்தா, 40 கி.மீ. வேகத்துல வண்டி 44 செ.மீ. நகர்ந்திடும். அதுல பாதி பக்கவாட்டுல இழுத்தாலே, 20 செ.மீ. அகலமுள்ள பிளேட் முழுக்கக் கோடாயிடும்.

பைபாஸ் கடைக்காரன்:
அப்போ அந்தப் பதிவு வீண்தானா? வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுதாவ.

கேமராவேலு:
வீண் இல்ல. வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா மறுபடி சுருக்கி, இருக்கிறதும் போயிடும். மானிட்டரைச் செல்லுல படம் பிடிக்கிறது அதைவிட மோசம். டிஸ்க் நிறைஞ்சா டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) பழசு மேலேயே எழுதும், அதனால இன்னைக்கே மெயின் ஸ்ட்ரீமை (முழு அளவுப் பதிவை) அதோட சொந்த ஃபார்மட்ல, அந்தக் கம்பெனி பிளேயரோட பென்டிரைவ்ல எடுங்க. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் 10 நிமிஷம் சேர்த்தே எடுக்கணும். எடுத்ததும் எஸ்.எச்.ஏ.-256 ஹேஷ் (ஃபைல்ல ஒரு துளி மாறினாலும் மாறிடுற, கைரேகை மாதிரி ஒரு குறியீடு) போட்டு எழுதி வைங்க. டிவிஆர் கடிகாரம் செல் நேரத்துக்கு எத்தனை விநாடி முந்துது, பிந்துதுன்னும் குறிங்க. பலபேர் விடுறது இதைத்தான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேணும். அதுல ஹேஷும் கேக்காவ, 'ஆ' பகுதியில நிபுணர் கையெழுத்தும் வேணும்.

படச்சில்லு:
தடயவியல் ஆய்வகத்துல பண்றது வேற. முழுப் படமா பதிஞ்ச ஐ-ஃபிரேம் எது, முந்தின படத்துலருந்து மாறினதை மட்டும் வச்ச பி-ஃபிரேம் எதுன்னு பிரிச்சு, பிளேட்டை நேராக்கி, ஒண்ணு மேல ஒண்ணு வச்சுச் சராசரி எடுப்பாங்க. 9 ஃபிரேம் கிடைச்சா இருட்டுப் படத்துல தெறிக்கிற புள்ளி இரைச்சல் மூணுல ஒண்ணாகும். ஆனா சுருக்கும்போதே அழிஞ்ச கோடு திரும்ப வராது. ஒவ்வொரு படியையும் எழுதி வைப்பாங்க, வேற ஆள் அதே படியில செஞ்சா அதே படம் வரணும். அதுக்கப்புறமும் சந்தேகம்னா, அதே கேமராவுல, அதே இடத்துல, அதே நேரத்துல, 3-ம் 8-ம் உள்ள தெரிஞ்ச பிளேட்டை ஓட்டிப் பதிஞ்சு ஒப்பிடலாம். பெரும்பாலும் 'இது 8'னு அடிச்சுச் சொல்ல முடியாது, '1 இல்ல, 7 இல்ல'ன்னு கழிச்சுக்கிட்டு வரலாம். மிச்சமுள்ள எண்களை வண்டி நிறம், மாடலோட பதிவேட்டுல தேடுறது போலீஸ் பாடு. அதனால கேமரா கோணத்தையும் செட்டிங்கையும் இப்போதைக்குத் தொடாதீங்க.