பிளக்-இன் ஹைபிரிட்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, ஜெர்மனியில் மாதாமாதம் எத்தனை மின்கார்கள் விற்கின்றன என்ற கட்டுரையைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஃபிளென்ஸ்பர்க்கில் உள்ள மோட்டார் வாகன அலுவலகம் வெளியிடும் அட்டவணைகள்தான் மூலம். பெட்ரோல், டீசல், மின்கார் வரை சிக்கல் இல்லை. எஞ்சினோடு, வெளியிலிருந்து மின்னேற்றும் பேட்டரியும் மோட்டாரும் கொண்ட பிளக்-இன் ஹைபிரிட்டில் நின்றுவிட்டேன். இப்போதைக்குச் 'செருகுக் கலப்புக் கார்' என்று போட்டிருக்கிறேன். வேறு ஏதாவது தோன்றுகிறதா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
முதலில் 'செருகு'வுக்குப் பின்னால் நிற்கும் 'க்'கை எடுங்கள். செருகிய, செருகுகின்ற, செருகும் என்று முக்காலத்துக்கும் விரிகிற வினைத்தொகை அது. ஊறுகாயை ஊறுக்காய் என்போமா? செருகுகலப்பு என்பதே சரி. அடுத்து, கார் என்றால் நமக்குக் கருமை, மேகம், மழைக்காலம், ஒரு நெல். இத்தனை வேலை பார்க்கும் சொல்லின் தலையில் வண்டியையும் ஏற்ற வேண்டுமா? மகிழுந்து இருக்கிறதே. என் பரிந்துரை 'இருபுணர் மகிழுந்து'. எஞ்சினும் மோட்டாரும் புணர்ந்து இயக்குவதால்.

பள்ளி இயற்பியல் ஆசிரியை:
ஐயா, வணக்கம். இதைப் பதினோராம் வகுப்பில் நான் சொன்னால் அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்காது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, உயிரும் மெய்யும் சேர்ந்தால் புணர்ச்சி என்று அதே பிள்ளைகளுக்குத்தானே நான் நடத்தினேன்? புணரி என்றால் கடல். அலை கரையோடு சேர்வதால் வந்த பெயர் என்பது என் எண்ணம். சேர் என்ற வேர்ப்பொருளை விட்டு மற்றதை மட்டும் பிடித்துக்கொண்டது நம் காலத்தின் கோளாறு. இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

கணினித் துறைக்காரர்:
தனியே எழுதுங்கள் ஐயா, நிதானமாக. செருகு என்றால் எங்களுக்குச் செருகுநிரல், உலாவியில் போடுவது. காரில் ஏதோ மென்பொருள் என்று நினைத்துக்கொள்வார்கள். மின்காரையும் இதையும் சேர்த்து 'மின்னேற்று வண்டி' என்று ஒரே பெயரில் அடக்கிவிடலாமே. அங்கே இரண்டுக்கும் மானியம் கொடுத்தார்கள்தானே?

கொங்குப் பக்கத்து விவசாயி:
ஹைபிரிட் என்றால் எங்களுக்கு வீரிய ஒட்டு ரகம். மாட்டுக்கு வந்தால் கலப்பினம். காரை எதில் சேர்ப்பது? 'வீரிய ஒட்டுக் கார்' என்று சொல்லிப் பாருங்கள், கம்பீரமாகத்தான் இருக்கிறது.

ஷ்டுட்கார்ட்டில் வேலை பார்ப்பவர்:
ஒரே பெயரில் அடக்கவே கூடாது. அந்த அட்டவணை சொல்வதே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். 2022 டிசம்பரில் 1,04,325 மின்கார்களும் 69,801 பிளக்-இன்களும் பதிவாயின. அடுத்த ஜனவரியில் மின்கார் 18,136, பிளக்-இன் 8,853. பிளக்-இன்னுக்கான மானியம் டிசம்பர் 31-ஓடு முடிந்தது, மின்காருக்குக் குறைந்தது. அதற்குள் பதிவு செய்துவிட எல்லாரும் முண்டியடித்ததுதான் காரணம். அந்த ஜனவரியில் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. 2023 டிசம்பர் 17-ஓடு மின்கார் மானியத்தையும் திடீரென்று நிறுத்தினார்கள். 2024-இல் மின்கார் 27.4 விழுக்காடு சரிந்து 3,80,609-க்கு வந்தது. பிளக்-இன்னோ 9.2 விழுக்காடு ஏறி 1,91,905 ஆனது. ஒரே சொல்லில் போட்டால் இந்த எதிர்த்திசை காணாமல் போய்விடும்.

இன்னொன்று. அங்கே தலைப்பு 'ஹைபிரிட், அதில் பிளக்-இன்' என்றுதான் இருக்கும். சாக்கெட்டில் மாட்ட முடியாத ஹைபிரிட்டும் அந்தக் கூட்டத்தில் உண்டு. எனவே 'கலப்பு' என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் இரண்டு வரிசையையும் கூட்டி, ஒரே வண்டியை இரண்டு தடவை எண்ணிவிடுவார்.

அப்புறம், விற்பனை என்று எழுதாதீர்கள். புதுப்பதிவு என்று எழுதுங்கள். விற்பனையாளரே தன் பெயரில் ஒரு நாள் பதிவு செய்துவிட்டுப் பிறகு தள்ளுபடியில் தள்ளிவிடும் வண்டியும் அந்தக் கணக்கில் வரும்.

பள்ளி இயற்பியல் ஆசிரியை:
இது தெளிவாக இருக்கிறது. 'மின்னேற்றுகலப்பு' என்றால் எப்படி? என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடும்.

கணினித் துறைக்காரர்:
சாதாரண ஹைபிரிட்டும் பிரேக் போடும்போது தன் பேட்டரிக்குத் தானே மின்னேற்றிக்கொள்கிறது, அம்மா. வெளியிலிருந்து மாட்டுவதுதான் வேறுபாடு. சரி, செருகு இருக்கட்டும். செருகுநிரலை நானே மறந்துவிடுகிறேன்.

பேச்சு வழக்குக்காரர்:
நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஷோரூமில் யாரும் செருகுகலப்பு கேட்கப் போவதில்லை. பிளக்-இன் ஹைபிரிட் என்றே எழுதினால் என்ன குடி முழுகிவிடும்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பேருந்தும் ஒரு நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. இன்று நடத்துநரே சொல்கிறார்.

பேச்சு வழக்குக்காரர்:
நடத்துநர் பஸ் என்றுதான் சொல்கிறார், ஐயா. பேருந்து என்பது பேருந்தின் பலகையில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. பக்கம் போய்விட்டது. முதல் இடத்தில் 'பிளக்-இன் ஹைபிரிட் எனப்படும் செருகுகலப்புக் கார்', பிறகு செருகுகலப்பு மட்டும். விற்பனையை எல்லா இடத்திலும் புதுப்பதிவு ஆக்கிவிட்டேன். தலைப்பில் மட்டும் ஆசிரியர் குழு விடவில்லை.

கொங்குப் பக்கத்து விவசாயி:
வீரிய ஒட்டுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, பார்த்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'க்' போனதில் மகிழ்ச்சி. கார் அச்சேறியதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அது கிடக்கட்டும், அதே அட்டவணையில் ஹைட்ரஜன் வண்டி வந்தால் என்ன போடுவீர்கள்: நீரகமா, ஐதரசனா? எனக்கு நீர்வளிதான் சரியென்று படுகிறது. காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.