ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சல்: எந்த இயர்ப்ளக் வாங்கலாம்?

பெரம்பலூர்க்காரன்:

வணக்கம். வேலை தாம்பரத்தில், ஊர் பெரம்பலூர் பக்கம். இரண்டு வருடமாக மாதம் இரண்டு முறை 250 சிசி பைக்கில் ஊருக்குப் போய் வருகிறேன். ஒரு வழிக்குச் சுமார் 240 கி.மீ., நடுவில் விக்கிரவாண்டியில் ஒரு டீ. வேகம் 80, ரோடு காலியாக இருந்தால் கொஞ்சம் கூடும். ஹெல்மெட் முழு முகத்தையும் மூடுகிற வகைதான், அளவும் சரியாக இருக்கிறது.

வீட்டில் போய் ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதுக்குள் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம். முன்பெல்லாம் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடங்கிவிடும். இப்போது படுக்கும்வரை இருக்கிறது. போன முறை அடுப்படியிலிருந்து அம்மா மூன்று தடவை கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. அதிலிருந்து மனசு சரியில்லை.

இயர்ப்ளக் போடலாம் என்கிறார்கள். ஆன்லைனில் பார்த்தால் ஆரஞ்சு நிற ஃபோம், மூன்று அடுக்கு சிலிக்கோன், பைக்குக்கென்றே ஃபில்டர் வைத்தது என்று வரிசையாக வருகிறது. எதை வாங்குவது? பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்குமா?

திண்டிவனம் ரைடர்:

நான் ஐந்து வருடமாக மெடிக்கலில் வாங்கும் பஞ்சுதான் வைக்கிறேன். இரைச்சல் கொஞ்சம் குறைகிற மாதிரிதான் இருக்கிறது. காசும் மிச்சம்.

குமாரபாளையம் செல்வி:

திண்டிவனம் தம்பி, தயவுசெய்து பஞ்சை நம்பாதீர்கள். பஞ்சுக்குள் காற்று புகுந்து போகும், காற்று போகிற வழியெல்லாம் சத்தமும் போகும். காது அடைத்த உணர்வு வருவதால் பாதுகாப்பு கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் தறிக்குடியில் பிறந்தவள். எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டி எட்டு விசைத்தறி ஓடும். அப்பா முப்பது வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்றார். ஐம்பது வயதில் அவருக்குப் பேச்சு கேட்கும், ஆனால் சொல் புரியாது. பேத்தி 'தாத்தா, சாவி எங்கே' என்று கேட்டால் 'காபியா, குடிச்சாச்சு' என்பார். சத்தத்தால் காது கெடும்போது முதலில் போவது கீச்சுக் குரல் இருக்கும் பகுதிதான், 4000 ஹெர்ட்ஸ் சுற்றி. ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் மங்கிவிடும், குழந்தை பேசுவதும் பெண்கள் பேசுவதும் குழம்பும். உள்காதில் இருக்கும் அந்த மயிரிழை செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

இப்போது ஒரு நூற்பாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். இயர்ப்ளக் கொடுப்பதும், அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்பவர்களிடம் காதுக்குள் வைக்கச் சொல்லிக் கெஞ்சுவதும் என் அன்றாட வேலை. வார விடுமுறையில் ஏற்காடு, கொல்லிமலை என்று பைக்கில் போவேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

தம்பி பெரம்பலூர், உங்கள் கணக்கைப் பார்ப்போம். நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் வரம்பு. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் (NIOSH) என்ற அரசு நிறுவனம் இன்னும் கறாராக 85 என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி. 80 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் மட்டுமே 90ஐத் தாண்டிவிடும். நீங்கள் அதில் சுமார் மூன்று மணி நேரம் இருக்கிறீர்கள், மறுநாள் திரும்பியும் வருகிறீர்கள். வேலை செய்யும் இடமாக இருந்தால் உங்களை நான் உள்ளே விடமாட்டேன்.

என்ன வாங்குவது என்றால், முதலில் ஃபோம். 3எம் 1100 என்று ஆரஞ்சு நிறத்தில் வரும், டப்பாவில் என்.ஆர்.ஆர். 29 என்று போட்டிருக்கும், எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதைச் சொல்கிற எண் அது. அந்த 29ஐ அப்படியே கழிக்காதீர்கள், அது ஆய்வுக்கூடத்தில் பயிற்சி உள்ளவர்கள் வைத்துப் பார்த்த எண். நம் கையால் வைக்கும்போது பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி கிடைத்தாலே 94 என்பது 80க்கு வந்துவிடும், அது போதும். ஒரு ஜோடி டீ வடை விலைதான். மூன்று குடையை அடுக்கிய மாதிரி இருக்கும் ரப்பர் வகையைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், ஆனால் காம்பு நீளம். ஹெல்மெட்டின் உள்பஞ்சு அதை அழுத்தி, ஒரு மணி நேரத்தில் காது வலிக்கும். ஃபில்டர் வைத்தது ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும். பேச்சும் ஹாரனும் இயல்பாகக் கேட்கும், ஆனால் ஃபோம் அளவுக்குச் சத்தத்தைக் குறைக்காது. நகரத்துக்குள் ஓட்டுபவர்களுக்கு அது நல்லது, உங்கள் ஜி.எஸ்.டி. சாலைப் பயணத்துக்கு ஃபோம்.

கயிறு கோத்தது வேண்டாம். ஆலையில் அது வசதி, கீழே விழாது. ஹெல்மெட்டுக்குள் அந்தக் கயிறு காலரில் உரசுவது நேராகக் காதுக்குள் கேட்கும். அது மட்டும்தான் கிடைத்தது என்றால் கயிற்றை வெட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் வைக்கிற விதம். ஆலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் துவாரத்தின் வாசலில் செருகிவிட்டு, இது வேலை செய்யவில்லை அக்கா என்பார்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விரல்களுக்கிடையில் திரி திரிப்பது போல உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லியதாக்குங்கள். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வலது காது மடலைப் பிடித்து மேலேயும் பின்னாலும் இழுங்கள். துவாரம் நேராகும். உடனே உள்ளே விட்டு, விரல் நுனியால் 30 விநாடி அமுக்கிப் பிடியுங்கள். அவசரப்பட்டு விட்டால் அது வெளியே வந்து விரியும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்துங்கள். பொத்தியதும் சத்தம் நன்றாகக் குறைந்தால் ப்ளக் சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி வையுங்கள். சரியாக உட்கார்ந்தால் பொத்தினாலும் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது போல இருக்கும்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்கும் இரண்டு சொட்டு விடுகிற பழக்கம் உள்ளவர்கள் அன்று ஃபோம் வைக்க வேண்டாம், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். குறும்பி நிறைய இருந்தால் ப்ளக் அதை உள்ளே தள்ளும், டாக்டரிடம் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஊக்கு, தீக்குச்சி வேண்டாம். காதில் சீழ் வருகிறவர்கள் வைக்கவே கூடாது.

முப்பந்தல் காற்று:

செல்வி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எனக்கு ஆரல்வாய்மொழி வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் பழமொழி இல்லை, சாலையில் நடக்கிற காரியம். காற்றாலைகள் சும்மாவா அங்கே நிற்கின்றன? சத்தம் தாங்காமல் விலை கூடின ஹெல்மெட் வாங்கினேன், பெரிய மாற்றம் இல்லை. பிறகுதான் தெரிந்தது, பைக்கின் முன்னால் நான் மாட்டிய சின்னக் காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் மேல்விளிம்பில் மோதிய காற்று சுழன்று நேராக ஹெல்மெட்டின் கழுத்தடியில் வந்து அடிக்கிறது. ஆள் இல்லாத நேரான சாலையில் கொஞ்சம் குனிந்தும் நிமிர்ந்தும் பாருங்கள். சத்தம் சட்டென்று மாறினால் குற்றவாளி கண்ணாடிதான். நான் கழற்றிவிட்டேன். கழுத்தில் ஒரு துணியைச் சுற்றி ஹெல்மெட்டின் அடி இடைவெளியை மூடினேன், அதுவும் உதவியது. அதற்கு மேல் ஃபோமும் வைக்கிறேன்.

பெரம்பலூர்க்காரன்:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. என் பைக்கிலும் அப்படி ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, பார்க்கிறேன். ஹாரன் பற்றித்தான் இன்னும் தயக்கம். சத்தமே இல்லாமல் லாரிக்குப் பக்கத்தில் போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

குமாரபாளையம் செல்வி:

சத்தமே இல்லாமல் போகாது தம்பி. காற்றும் ஹாரனும் இரண்டுமே சேர்ந்து குறையும், ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இப்போது உங்கள் காது காற்றிலேயே திணறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் ஹாரன் அமுங்குகிறது. வெளிச்சம் அதிகமான இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டால் பார்வை தெளிவதில்லையா, அது மாதிரி. எனக்கு ப்ளக் வைத்த பிறகுதான் பக்கத்து லாரியின் டயர் சத்தம் தனியாகப் பிரிந்து கேட்டது. ஆனால் 40 கி.மீ.க்குக் கீழே, ஊருக்குள், காற்றுச் சத்தம் இல்லாத இடத்தில் அந்த லாபம் கிடையாது. அங்கே மெல்லிய சத்தங்கள் விட்டுப்போகும். செங்கல்பட்டு தாண்டி வையுங்கள், பெரம்பலூர் ஊருக்குள் நுழையுமுன் கழற்றுங்கள். எப்போதும் பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அந்த 'ங்ஙொய்' படுக்கும்வரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ப்ளக் வாங்குவது இருக்கட்டும், இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து ஆடியோகிராம் எடுங்கள், காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. எங்கள் அப்பாவுக்கு எடுத்தபோது வரைபடத்தில் 4000 பக்கம் கிணறு மாதிரி இறங்கியிருந்தது. இன்னும் பத்து வருடம் முன்னால் யாராவது எடுத்திருந்தால் தறிக்கு முன்னால் நிற்பதையாவது குறைத்திருப்போம்.

பெரம்பலூர்க்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆடியோகிராம் எடுத்தேன். இடது காதில் 4000இல் லேசான இறக்கம், வலது சரியாக இருக்கிறது. இனி ப்ளக் இல்லாமல் தூரப் பயணம் கூடாது, வருடம் ஒரு முறை வந்து பார் என்று டாக்டர் சொன்னார். காற்றுத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். நேற்று ஊருக்கு வந்தேன், வீட்டுக்கு வந்தபோது சத்தம் இல்லை, தோளும் வலிக்கவில்லை. ஒரே பிரச்சினை, இடது காதில் வைத்தது உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு முறை, தொழுதூரில் ஒரு முறை நழுவிவிட்டது. வலது அசையவில்லை.

குமாரபாளையம் செல்வி:

டாக்டரைப் பார்த்தீர்களே, அதுவே எனக்கு நிம்மதி. இரண்டு காதுத் துவாரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று இல்லை, எனக்கும் ஒன்று சின்னது. இடதுக்கு மட்டும் சிறிய அளவு ஃபோம் வாங்கிப் பாருங்கள். அதோடு ஹெல்மெட் மாட்டும்போது பக்கப் பட்டைகளை இரண்டு கையாலும் நன்றாக விரித்துப் பிடித்து இறக்குங்கள். உள்பஞ்சு மடலைக் கீழே இழுத்தால் ப்ளக் அங்கேயே தளர்ந்துவிடும்.