"யாரும் பிரித்துப் பார்க்காத பழைய சென்ட் ரோல்" என்னும் ஏலங்களை நம்பலாமா?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 2025 நவம்பரில் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் நாணயம் அடிக்கப்பட்ட செய்தியைப் பார்த்ததிலிருந்து, பதினொரு வயதான என் மகளுக்குப் பழைய சென்ட்டுகள் மீது பெரும் ஆர்வம் வந்துவிட்டது. பின்புறம் இரண்டு கோதுமைக் கதிர்கள் கொண்ட, 1909 முதல் 1958 வரை வெளிவந்த லிங்கன் சென்ட்டுகளை அவளுக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது, ஓர் ஏலத்தளத்தில் "காலமான ஒருவரின் வீட்டில் கிடைத்தது, நான் பிரித்துப் பார்க்கவில்லை" என்ற குறிப்புடன் ஒரு ரோல் (ஐம்பது நாணயங்களைத் தாளில் உருளையாகச் சுற்றிய கட்டு) கண்ணில் பட்டது. பழுப்பேறிய தாள், அதன்மேல் பழைய வங்கி ஒன்றின் பெயர், ஒரு முனையில் லிங்கன் சென்ட்டுக்கு முந்தைய வகையான இந்தியத் தலை சென்ட், 1898ஆம் ஆண்டினது, மறுமுனையில் கோதுமைக் கதிர். ஐம்பது சென்ட் முகமதிப்புள்ள அந்த ரோலை 38 டாலருக்கு ஏலத்தில் எடுத்தேன்.

சமையலறை மேசையில் துணி விரித்து இருவருமாகப் பிரித்தோம். முனையிலிருந்த இந்தியத் தலையைத் தவிர மற்ற 49 நாணயங்களும் 1940களிலும் 1950களிலும் வெளிவந்த, எங்கும் கிடைக்கும் கோதுமைச் சென்ட்டுகளே. அவற்றில் கடைசி ஆண்டு 1958. அந்த நாணயமும் எழுத்து மழுங்கும் அளவுக்குத் தேய்ந்து கறுத்திருந்தது. மகளின் முகம் வாடிவிட்டது. அதே விற்பனையாளர் இந்த வாரம் முப்பது ரோல்களை ஏலத்துக்கு விட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் இந்தியத் தலை தெரிகிறது. எனக்கு வாய்க்கவில்லை என்று எடுத்துக்கொள்வதா, ஏமாற்றப்பட்டேன் என்று எடுத்துக்கொள்வதா?

பதில் 1

நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அதற்கான சான்று நீங்கள் பெரிதாக எண்ணாத அந்த 1958 நாணயத்திலேயே இருக்கிறது.

1959இல் சென்ட்டின் பின்புறம் மாறியது. கோதுமைக் கதிர்களின் இடத்தில் லிங்கன் நினைவகம் வந்தது. ஆகவே ஒரு வங்கி ரோலில் நினைவகச் சென்ட் ஒன்றுகூட இல்லையென்றால், அது 1958 வாக்கிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் யாரோ ஒருவர் பிற்காலத்தில் நினைவகச் சென்ட்டுகளையெல்லாம் பொறுக்கி விலக்கியிருக்க வேண்டும். உங்கள் ரோல் 1958இல் கட்டப்பட்டதாக இருந்தால், அந்த ஆண்டின் நாணயம் நாணயச்சாலைப் பளபளப்பு குறையாமல் இருந்திருக்கும். அதுவோ பல ஆண்டுகள் கை மாறித் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் 1958க்கு நெடுங்காலம் கழித்து, நினைவகச் சென்ட்டுகள் எங்கும் நிறைந்திருந்த காலத்தில்தான் இந்த 50 நாணயங்களும் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஒவ்வொரு நாணயத்தையும் திருப்பிப் பார்த்தவரால்தான் இப்படி ஒரு ரோலைக் கட்ட முடியும். அரியவை இருந்திருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

"நான் பிரித்துப் பார்க்கவில்லை" என்ற சொல்லையும் கவனியுங்கள். யாரும் பிரிக்கவில்லை என்று அவர் எழுதவில்லை.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒரு சிறு கணக்கையும் சேர்க்கிறேன். 50 நாணயங்களுக்குள் ஓர் இந்தியத் தலை தற்செயலாகக் கலந்திருந்தால், அது இரண்டு முனைகளில் ஒன்றில் அமைவதற்கான வாய்ப்பு 25இல் ஒன்று. இரண்டு ரோல்களில் அடுத்தடுத்து அப்படி அமைய 625இல் ஒன்று, மூன்று ரோல்களில் அமைய 15,625இல் ஒன்று. முப்பது ரோல்களிலும் அப்படி அமைந்திருக்கிறது என்றால் அது கை வைத்த வேலை. ரோல் முழுவதுமே இந்தியத் தலைகள் நிறைந்திருந்தால் முனையில் ஒன்று தெரிவது இயல்புதான் என்று யாராவது வாதிடலாம். ஆனால் நீங்கள் பிரித்த ரோலில் இருந்தது ஒன்றே ஒன்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பதம் பார்ப்பவர் தாமே சோற்றை எடுக்க வேண்டும். இங்கே அந்த ஒரு சோற்றை எடுத்து நம் முன்னால் வைப்பவர் விற்பவர். முனை நாணயத்தைப் பார்த்ததும், சான் ஃபிரான்சிஸ்கோவில் 4,84,000 மட்டுமே அடிக்கப்பட்ட 1909 எஸ் வி.டி.பி. சென்ட் ('எஸ்' அந்த நாணயச்சாலையின் குறி, 'வி.டி.பி.' வடிவமைத்தவரின் முதலெழுத்துகள்) உள்ளே இருக்கக்கூடும் என்று மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. ஏலத்தொகையை ஏற்றுவது அந்த ஆசைதான். தேய்ந்த இந்தியத் தலையும் சாதாரணக் கோதுமைச் சென்ட்டுகளும் சேர்ந்து சில டாலருக்கு மேல் பெறாதவை.

பதில் 3

முனை நாணயத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். பல்லாண்டுக் காலம் தாள் ரோலின் முனையில் இருந்த நாணயத்தில், மடிந்த தாளின் விளிம்பு மூடியிருந்த ஓரம் ஒரு நிறத்திலும், காற்றுப் பட்ட நடுவட்டம் வேறொரு நிறத்திலும் இருக்கும். அப்படி ஒரு வளையம் இல்லையென்றால் அது அண்மையில் வைக்கப்பட்டது என்றே கொள்ளலாம். பழைய பாணித் தாளும், முனையை அழுத்தி மடிக்கும் கருவியும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன; தாளின் பழமையை வைத்து உள்ளிருப்பதன் பழமையைச் சொல்ல முடியாது.

கேட்டவர்

மிக்க நன்றி. இப்போதுதான் பார்த்தேன். 1898 நாணயத்தின் இரு பக்கமும் ஒரே சீரான பழுப்பு நிறம். வளையம் எதுவும் இல்லை. தாளைப் பிரித்து நீவியபோது, அழுத்திய மடிப்புக்கு அருகிலேயே இன்னொரு பழைய மடிப்பின் தடமும் தெரிகிறது. பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா? வெள்ளி டாலர் ரோல்களிலும் இப்படி நடக்கிறதா?

பதில் 2

ஏல அறிவிப்பின் படத்தையும் வாசகத்தையும் உடனே சேமித்துக்கொள்ளுங்கள்; தாளை எறிந்துவிடாதீர்கள். அறிவிப்பில் சொன்னதற்கு மாறான பொருள் என்று ஏலத்தளத்தில் முறையிட்டு, 1958 நாணயம் பற்றிய வாதத்தை அப்படியே எழுதுங்கள். "நான் பிரிக்கவில்லை" என்ற சொல் அவருக்குக் கேடயமாக இருப்பதால் பணம் கிடைப்பது உறுதியில்லை. ஆனாலும் முறையிடுவதை விட்டுவிடாதீர்கள்.

வெள்ளி டாலரில் இழப்பு இன்னும் பெரிது. பழைய வெள்ளி டாலர் வகையான மார்கன் டாலர்கள் இருபது கொண்ட ரோல் என்று சொல்லி, முனையில் பின்புறத்தை வெளியே காட்டி, நெவாடாவிலிருந்த கார்சன் சிட்டி நாணயச்சாலையின் 'சிசி' குறி தெரியும்படி வைப்பார்கள். மார்கன் டாலரில் நாணயச்சாலைக் குறி பின்புறத்தில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்கு வசதி. அமெரிக்க அரசு தன் கருவூலத்தில் எஞ்சியிருந்த, பெரும்பாலும் கார்சன் சிட்டியில் அடிக்கப்பட்ட டாலர்களை 1972 முதல் 1980 வரை அஞ்சல் வழியாக விற்றபோது, அவற்றைத் தரம் பிரித்துத் தனித்தனிப் பெட்டிகளில் அனுப்பியது. அரசே இனம் பிரித்து விற்ற நாணயம், பெயர் தெரியாத ஒரு வங்கித் தாளுக்குள் யாரும் பார்க்காமல் உறங்குகிறது என்பதை நான் நம்பமாட்டேன்.

பதில் 1

மகளுக்காக ஒன்று சொல்கிறேன். அவள் விரும்புவது தேடும் இன்பம் என்றால், அதை 38 டாலருக்கு வாங்க வேண்டியதில்லை. உங்கள் வங்கியில் இரண்டு டாலர் கொடுத்து நான்கு சென்ட் ரோல்கள் கேளுங்கள்; தேடி முடித்ததும் வேண்டாதவற்றை அதே மதிப்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எப்போதாவது ஒரு கோதுமைச் சென்ட் கிடைக்கும், அப்போது அது அவளே கண்டெடுத்ததாக இருக்கும். 1982ஆம் ஆண்டு நாணயம் கையில் வந்தால் சிறு தராசில் வைக்கச் சொல்லுங்கள். அந்த ஓராண்டில் மட்டும் 3.11 கிராம் எடையுள்ள பழைய செப்புக் கலவைச் சென்ட்டும், 2.5 கிராம் எடையுள்ள, செம்பு முலாம் பூசிய துத்தநாகச் சென்ட்டும் சேர்ந்தே வெளிவந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.