பார்வையற்ற மாணவருக்குப் பாடக்குறிப்பு: பிடிஎஃப் போதுமா?

கரும்பலகை:
பத்தாம் வகுப்புப் பாடக்குறிப்புகளை இனிமேல் பிடிஎஃபாகத் தரக்கூடாது, மின்னூல் வடிவமான இபப்பாகத்தான் (EPUB) தரவேண்டும் என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிடிஎஃப் எந்த போனிலும் திறக்கும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் வரி மாறாமல் அச்சாகும். பக்க எண்ணைச் சொன்னால் வகுப்பு முழுவதும் ஒரே இடத்தைப் பார்க்கும். பார்வையற்ற பிள்ளைகளுக்குத்தான் போன் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் டாக்பேக் இருக்கிறதே.

ஒலித்திரை:
டாக்பேக் எழுத்தைப் படிக்கும், எழுத்தின் புகைப்படத்தை நம்பகமாகப் படிக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பல குறிப்புகள் போன் ஸ்கேனரில் எடுத்தவை. கோப்புக்குள் ஓர் எழுத்துகூட இருக்காது. பாமினியில் தட்டச்சு செய்தவை இன்னும் மோசம். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது, கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். கணினித் திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் ஒலிக்கும்.

கரும்பலகை:
பாமினி தவறு, ஒப்புக்கொள்கிறேன். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் தரும் யூனிகோடை 2010லேயே தமிழக அரசு ஏற்றுவிட்டது. அப்படியென்றால் யூனிகோடில் அடித்த பிடிஎஃப் போதும்தானே?

அச்சுக்கோப்பு:
அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிடிஎஃப் சேமிப்பது கண்ணுக்குத் தெரியும் வடிவங்களை, தெரியும் வரிசையில். ‘செல்’ என்பதில் கொம்பு முன்னால் வருகிறது, யூனிகோடில் ‘ச’வுக்குப் பின்னால். பல மென்பொருள்கள் இதைத் திரும்ப ஒழுங்காக அடுக்குவதில்லை, திரையைப் படிக்கும் மென்பொருள் தடுமாறும். சோதனை எளிது: ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கொம்பு தனியாகப் புள்ளிவட்டத்துடன் நின்றால் அந்தக் கோப்பு கேட்பவருக்குப் பயன்படாது.

கரும்பலகை:
300 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் ஓசிஆர் போட்டுவிடலாமே.

ஒலித்திரை:
ரகரமும் துணைக்காலும் ஓசிஆரில் அடிக்கடி குழம்பும். அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்து ஒரே வரியாக்கிவிடும். கந்தக அமில வாய்பாட்டின் கீழ்க்குறி எண்கள் சாதாரண எண்ணாகும், அல்லது காணாமல் போகும். ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்த வேண்டும். அதற்குப் பதில் மூலக்கோப்பைச் சரியாகச் செய்வது குறைந்த வேலை.

வேர்டில் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல் கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தித் தலைப்புப் பாணி கொடுங்கள். என்விடிஏவில் ஹெச் விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடிவது அதனால்தான். அட்டவணையில் கட்டங்களை இணைக்காதீர்கள். படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் விளக்கம், எழுதுங்கள்: ‘இதயத்தின் படம்’ என்றால் ஒன்றும் சொல்லவில்லை. ‘மேலே இரு ஆரிக்கிள்கள், கீழே இரு வென்ட்ரிக்கிள்கள், இடது வென்ட்ரிக்கிளின் சுவர் தடித்தது’ என்பது பாடம். பிடிஎஃபும் வேண்டுமானால் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ வேண்டாம், தலைப்புக் குறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும். ‘சேவ் ஆஸ்’ வழியாகப் போய், கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கரும்பலகை:
இதயத்துக்கு வார்த்தை போதும். ஓம் விதி வரைபடத்துக்கு? நேர்கோடு ஆதிப்புள்ளி வழியே போகிறது என்று காதால் கேட்டவர் சாய்வைப் புரிந்துகொண்டார் என்று சொல்ல முடியுமா? இபப் வந்தாலும் இது தீராதே.

ஒலித்திரை:
தீராது. அங்கே தொட்டுணரும் படம்தான் வேண்டும். கெட்டி அட்டையில் நூலை ஒட்டியே செய்யலாம். அச்சுகளுக்கு மெல்லிய நூல், வரைகோட்டுக்குத் தடித்த நூல். இரு கோடுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டராவது விடுங்கள், இல்லையென்றால் விரலுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். பின்னணிக் கட்டங்களை நீக்கிவிடுங்கள். பாடநூல் படத்தை அப்படியே புடைக்க வைத்தால் வெறும் சொரசொரப்புதான் மிஞ்சும்.

அச்சுக்கோப்பு:
குறைபார்வை உள்ள பிள்ளைகளை இங்கே யாரும் பேசவில்லை. எண்ணிக்கையில் அவர்களே அதிகம். பிடிஎஃபைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். இபப்பில் எழுத்து பெரிதாகும்போதே வரி மடங்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5:1க்குக் குறையக்கூடாது, வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து அதன் அருகில்கூட வராது.

கரும்பலகை:
சரி, பக்க எண்? ‘74ஆம் பக்கம்’ என்றால் இபப் வைத்திருப்பவர் எங்கே போவார்?

ஒலித்திரை:
இபப் 3இல் அச்சுப் பக்கப் பட்டியல் வைக்க இடமுண்டு. பார்வையற்றோர் படிக்கத்தக்க நூல்களுக்காக இயங்கும் டெய்சி கூட்டமைப்பு இலவசமாகத் தரும் வேர்ட்-டு-இபப் கருவி, வேர்டின் பக்கப் பிரிவுகளிலிருந்து அதை உருவாக்கித் தரும். 74 என்று கொடுத்தால் அங்கே போகும்.

கரும்பலகை:
அந்தக் கருவி விண்டோஸ் கணினியில் ஓடுவது. போனில் மட்டும் குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு வழி சொல்லுங்கள். அதுவரை பிடிஎஃபும் சேர்ந்தே போகட்டும் என்பதுதான் என் நிலை.